தகரப் பீப்பாய்க்குள் குடித்தனம்

கல்யாணமான புதிதில் என் கணவர் என்னிடம் சொன்ன முதல் பொய், "அங்க கொஞ்சம் குளிரும்" என்பதுதான்.

நான் கொழும்பில் கொச்சிக்கடைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். வருஷம் முழுக்க வியர்வை வழிய, கையில் பனையோலை விசிறியோடு வளர்ந்தவளுக்குக் குளிர் என்றால் மழை பெய்த மாலையில் ஜன்னலைச் சாத்துகிற அளவுதான் தெரியும். அவர் பட்டாளத்தில் லொறி ஓட்டினார். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்த ஒரு சின்ன முகாமுக்கு அவரை மாற்றியிருந்தார்கள். குடும்பம் வைத்துக்கொள்ள வீடும் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், "வந்து பாரு" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பத்தொன்பது வயதில் சந்தேகம் எங்கே வருகிறது? அவர் சிரித்தால் நானும் சிரித்தேன், அவ்வளவுதான்.

ரயிலில் மெல்லிய வாயில் சேலையும், குட்டைக் கை ஜாக்கெட்டும், தலை நிறையப் பூவுமாக ஏறினேன். வட்டவளை வந்ததும் ஜன்னலைச் சாத்தினேன். அதற்கப்புறம் முந்தானையைப் போர்த்திக்கொண்டேன். ஹட்டனில் இறங்கும்போது என் பற்கள் தாமாகவே ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. சீதனமாக வந்த ஆட்டுக்கல்லைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தோம். அதைத் தூக்க வந்த கூலிக்காரர் ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சாமி சிலையா? கோயில் கட்டப் போறீங்களா?" என்று கேட்டார்.

"ஆட்டுக்கல்லுங்க. தோசைக்கு."

"தோசையா, இங்கேயா?" என்றார். அவரும் சிரித்தார். அன்றைக்கு என்னைப் பார்த்தவர்கள் எல்லோருமே சிரித்தார்கள்.

முகாமுக்கு லொறியில் போய்ச் சேர்ந்தோம். புல்வெளிச் சரிவில், பாதியாக வெட்டிக் கவிழ்த்துப் போட்ட பீப்பாய்கள் மாதிரி நெளிதகரத்தில் வரிசையாக ஏதோ நின்றன. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் அவசரத்துக்குக் கட்டிப் போட்டவையாம். சாமான் வைக்கிற கொட்டகைகள் என்று நான் நினைத்தேன். அவர் ஒரு பீப்பாயின் முன்னால் லொறியை நிறுத்தி, இறங்கி, மாளிகையைக் காட்டுகிறவர் போலக் கையை நீட்டினார்.

"நம்ம வீடு."

"இதுலயா? இது உருண்டு போயிராதா?"

"இத்தன வருஷம் உருளல."

உள்ளே போனால் சுவர் என்று தனியாக ஒன்று கிடையாது. கூரையே வளைந்து தரைக்கு வந்துவிடும். நல்ல உயரமான என் கணவர் வீட்டின் நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம். கட்டிலில் இருந்து எழுந்தால் தலையில் இடிக்கும். அலமாரியைச் சுவரோரமாகத் தள்ளினால் மேலே முட்டிக்கொண்டு கீழே இடைவெளி விடும். நான் கொண்டுபோன முருகன் படத்தை ஆணியில் மாட்டினேன். சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருந்ததால் படம் அந்தரத்தில் தொங்கியது. கதவைத் திறந்து காற்று வந்தால் முருகன் முன்னும் பின்னும் ஆடினார். விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்த நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினேன்.

தகரத்துக்கு உள்பக்கம் தார் பூசிய அட்டை அடித்திருந்தார்கள். அதனால் வீட்டுக்குள் அடுப்போ கணப்போ மூட்டக் கூடாது என்பது முகாமின் கட்டளை. சமையலுக்குப் பின்னால் பொதுவான கொட்டகை இருந்தது. அதாவது குளிருக்கு எங்களிடம் இருந்ததெல்லாம் பட்டாளம் கொடுத்த ஒரேயொரு கம்பளி, அவருடைய தடித்த மழைக்காலக் கோட்டு, அப்புறம் நாங்கள் இரண்டு பேர். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை தலைவார உட்கார்ந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தேன். ஒன்றும் வரவில்லை. தட்டினேன். குலுக்கினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டியாக இருந்தது. முந்தின நாள் வரைக்கும் தெளிந்த எண்ணெயாக இருந்தது, அம்மா தன் கையால் காய்ச்சிக் கொடுத்தது.

"ஏங்க, எண்ணெய் செத்துப்போச்சுங்க" என்றேன்.

அவர் காலில் சப்பாத்தை மாட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். சிரித்த வாயிலிருந்து புகை வந்தது. நான் அவர் திருட்டுத்தனமாகச் சுருட்டு பிடிப்பதாக நினைத்து, "என்னங்க இது?" என்று கேட்டேன். கேட்ட என் வாயிலிருந்தும் புகை வந்தது. பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என் கையை விலக்கி, "ஊது" என்றார். ஊதினேன். அவரும் ஊதினார். எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு ரயில் எஞ்சின்கள் மாதிரி ஊதி ஊதி விளையாடியதில் அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடினார்.

அவர் போனதும் வழக்கம்போலக் குளிக்கப் போனேன். கொச்சிக்கடையில் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் யாரும் அடுப்படிக்குப் போகமாட்டோம். மலையிலிருந்து குழாய் வழியாக வந்த ஊற்றுத் தண்ணீரை வாளியில் பிடித்து, மறைப்புக்குள் நின்று, முதல் செம்பை அப்படியே தலையில் கவிழ்த்தேன்.

நான் போட்ட சத்தம் அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. அதற்குள் மறைப்புத் தட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் விளக்குமாற்றை ஓங்கியபடி உள்ளே பாய்ந்தாள். இரண்டு சட்டை, அதற்குமேல் ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை, தலையில் துவாய். கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"கொட்டியாத? கொஹேத?" என்று கத்தினாள். சிறுத்தையா, எங்கே என்று கேட்கிறாள். கொழும்புக்காரியான எனக்குச் சிங்களம் புரியும். ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர் வாளியைக் கையால் காட்டினேன். அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். சிறுத்தை இல்லை. விரலை விட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான், விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டே சிரித்தேன். நடுக்கம் எது, சிரிப்பு எது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த பீப்பாயில் குடியிருந்தவள் அவள். கணவன் முகாமில் சமையல்காரன். தங்காலையில் கடற்கரையோரம் பிறந்தவள். அங்கே மணல் சுடுகிற சூட்டில் செருப்பில்லாமல் நடந்தவள் என்றாள். வந்து ஒரு மாதமாகியும் இன்னும் உச்சி வெயிலில் மட்டும்தான் உடம்பில் தண்ணீர் படவிடுகிறாள். என்னை விட ஓரிரு வயது மூத்தவள். நான் அவளைச் சிங்கள வழக்கப்படி அக்கே என்றேன், அவள் என்னை நங்கி, தங்கச்சி, என்றாள். என் கொச்சிக்கடைச் சிங்களத்திலும் அவள் அன்றாடம் பொறுக்கிக்கொண்ட தமிழிலுமாக எங்கள் பேச்சு நடந்தது. பாதி புரியாது. புரியாத பாதிக்குத்தான் அதிகம் சிரித்தோம்.

குளிர் மட்டும்தான் என்றால் பழகியிருப்போம். அந்தப் பீப்பாய்க்கு ஒரு நாளில் இரண்டு ஊர் இருந்தது. காலையில் ஐஸ்பெட்டி. வெயில் ஏறி, மத்தியானம் தகரம் காய்ந்தால், உள்ளே இட்லிப் பானை. தாரட்டை இளகி ஒரு வாடை வரும். காலையில் போட்ட துணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து, மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் வெளியே சவுக்கு மரத்தடியில் விசிறியோடு உட்கார்ந்திருப்போம். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் கழற்றியவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுவோம். இதுவே எங்களுக்கு ஒரு முழுநேர வேலையாக இருந்தது.

சாயந்தரம் இன்னொன்று. சூடான தகரம் குளிரும்போது சுருங்கி டம், டம் என்று வெடிக்கும். வந்த அன்றைக்கே அந்தச் சத்தத்துக்கு நான் கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டேன். பட்டாளத்து வீடு அல்லவா, சண்டை வந்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்து, "வெளிய வா, கூரை சோம்பல் முறிக்குது" என்றார்.

துணி காயவைப்பதுதான் பெரிய பாடு. மூடுபனி இறங்கினால் கொடியில் போட்ட சேலை மூன்று நாளானாலும் ஈரமாகவே தொங்கும். ஒரு நாள் நங்கி, அக்கே இரண்டு பேரும் யோசித்தோம். மத்தியானம் தகரம் அப்படிக் கொதிக்கிறதே, துணியைக் கூரைமேல் போட்டால் என்ன? கூரையோ வளைவு. போட்டது எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு கயிற்றில் துணிகளை முடிந்து, கல்லைக் கட்டிக் கூரைக்கு மேலாக எறிந்து, அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் இழுத்துக் கட்டினோம். யானைக்குச் சேணம் கட்டுவது போல இருந்தது. அரை மணியில் அவருடைய காக்கிச் சட்டை மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. ஒரே பெருமை.

அந்தப் பெருமையில் என் கல்யாணத்துக்கு எடுத்த மஞ்சள் வாயில் சேலையையும் முடிந்து ஏற்றினேன். முடிச்சு சரியில்லை. பள்ளத்தாக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. சேலை கூரையை விட்டு எழும்பி, முகாம் வேலியைத் தாண்டி, நீளமாக அலைந்துகொண்டே தேயிலை மலைப் பக்கம் போயிற்று. அக்கேயும் நானும் வேலியோரம் நின்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயந்தரம், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு பெண் வேலியருகே வந்தாள். முதுகில் வெறுங்கூடை, அதற்குள் என் சேலை, ஒழுங்காக மடித்து.

"இது உங்க சேலைங்களா அம்மா?"

"ஆமா. அம்மான்னு கூப்பிடாதீங்க. எங்க கெடச்சுச்சு?"

"பதினோராம் நம்பர் மலையில. மேல பறந்து வந்துச்சு. நாங்க நாலு பேரு நிரையை விட்டுட்டு வெரட்டிக்கிட்டு ஓடுனோம். நாங்க ஓடுறதப் பாத்துட்டு கங்காணி, குளவி கொட்ட வருதுன்னு நெனச்சு அவரும் ஓடுனாரு." கொஞ்சம் நிறுத்தி, "அவரு எதிர்ப்பக்கமா ஓடுனாரு. இன்னும் வரல" என்றாள்.

மூன்று பேருமாக வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவள் சேலையை நீட்டிவிட்டு, எங்கள் பீப்பாயைக் காட்டி, "உள்ள எப்பிடிங்க இருக்கு? எங்களுக்கு ரொம்ப நாளா பாக்கணும்னு ஆசை" என்றாள். கூட்டிப்போய்க் காட்டினேன். வளைந்த சுவரைத் தட்டிப் பார்த்தாள். ஆடுகிற முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கையை இடுக்கிக்கொண்டு, "என்னங்க, வெளிய விட உள்ள குளிருது. எங்க லயத்துக் காம்பரா ஒரே அறைதான், அடுப்பும் அங்கதான், படுக்கையும் அங்கதான். பொகை கண்ணக் கரிக்கும், ஆனா ஒடம்பு சுடும். ரெண்டுல ஒண்ணுதான் கெடைக்கும் போல" என்றாள்.

அதிலிருந்து அவளும் வேலை முடிந்து போகும் வழியில் வேலியோரம் நின்றுவிட்டுப் போவாள். அவளை அக்கா என்றேன். ஒரு அக்கே, ஒரு அக்கா. கூப்பிடும்போது சில நாள் இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்பார்கள்.

இதற்கிடையில் தோசை. ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்துவிட்டு, தோசை சுடாமல் இருக்க எனக்கு மனமில்லை. அவரும், "எப்ப?" என்று தினமும் கேட்டார். டிக்கோயா கடையில் உளுந்து வாங்கி, ஊறவைத்து, ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தேன். காலையில் பார்த்தால் வைத்தது வைத்தபடி கிடந்தது. ஒரு குமிழ் கூட இல்லை. இன்னும் ஒரு நாள் விட்டேன். அப்போதும் அதே முகம். அதைச் சுட்டதில் தட்டையாக, வெள்ளையாக, சப்பாத்துக்கு அடியில் வைத்துத் தைக்கலாம் போல வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தின்றார். அதுதான் எனக்கு அழுகையாக வந்தது.

சமையல் கொட்டகையில் அடுப்போரம் வைத்துப் பார்த்தேன். யாரோ பால் என்று நினைத்துத் தேயிலை போட்டுவிட்டார்கள். வெயிலில் வைத்தேன். மழை வந்தது. ஒரு தடவை குண்டானைக் கட்டிலில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக் கம்பளியைப் போர்த்தினேன். அவர் புரண்டு படுத்ததில் கால் பட்டு, மாவு பாதி அவர்மேல் கொட்டியது.

"நான் பட்டாளத்துல எத்தனையோ பாத்துருக்கேன்" என்றார் காலைத் துடைத்துக்கொண்டே. "மாவுகிட்ட அடிபட்டதில்ல."

தோட்டத்து அக்காவிடம் கேட்டேன். "எங்களக் கேட்டா? நாங்க தோசையப் பாக்குறதே தீவாளிக்குத்தான். எப்பவும் ரொட்டிதான். ரொட்டி பொங்க வேண்டியதில்ல, பசிச்சா போதும்" என்றாள். ஆனால் அவளுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. அடுத்த நாள் வேலியோரம் வந்ததும் முதல் கேள்வியே, "பொங்குச்சா?" என்பதுதான். அக்கேயும் கேட்பாள், "பொங்குச்சாத, நங்கி?" முகாமில் இருந்த மற்றப் பெண்களுக்கும் விஷயம் பரவிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தபோது எனக்குப் பளிச்சென்று தோன்றியது. இந்தச் சூட்டை யாராவது பிடித்து வைத்தால் என்ன? மறுநாள் காலையிலேயே மாவை ஆட்டினேன். உச்சி வேளையில் குண்டானைக் கட்டிலின் நடுவில், கூரைச் சூடு நேரே இறங்குகிற இடத்தில் வைத்தேன். நன்றாகச் சூடேறியதும், வெயில் தாழ்வதற்கு முன்னால், அவருடைய பெரிய கோட்டை அதற்குப் போட்டுப் பித்தான்களை எல்லாம் மாட்டினேன். மூடி வழியாகச் சூடு போகுமே என்று அவருடைய கம்பளித் தொப்பியை மூடிக்கு மாட்டினேன். அதற்குமேல் கம்பளி. அன்று இரவு எங்கள் இரண்டு பேருக்கும் போர்வை இல்லை. நாங்கள் என் சேலைகளை எல்லாம் போர்த்திக்கொண்டு ஓரத்தில் படுத்தோம்.

விடிந்ததும் அவர் கோட்டைத் தேடினார்.

"அதத் தொடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம்."

"வெளிய பனி கொட்டுது. நான் என்னத்தப் போடுறது?"

"தோசை வேணுமா, கோட்டு வேணுமா?"

அவர் சற்று யோசித்தார். சட்டையோடு போய்விட்டார்.

அன்றைக்குப் பார்த்து முகாமுக்குப் பொறுப்பான கேப்டன் அணிவகுப்பைப் பார்க்க வந்தார். நல்ல நெடிய மனிதர், பறங்கி இனத்தவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. வரிசையில் எல்லோரும் கோட்டோடு நிற்க, என் கணவர் ஒருவர் மட்டும் சட்டையோடு, மீசை நடுங்க நின்றிருக்கிறார். கோட்டு எங்கே என்று கேப்டன் கேட்டார். வீட்டில் என்றார். ஏன் வீட்டில் என்று கேட்டதற்கு இவர் பதில் சொல்லவில்லை. அரசாங்கக் கோட்டை விற்றுவிட்டான் என்று கேப்டன் முடிவுகட்டி, இவரை முன்னால் நடக்கவிட்டு நேரே எங்கள் பீப்பாய்க்கே வந்துவிட்டார்.

நான் கதவைத் திறந்து நின்றேன். என்னைத் தாண்டிக் கேப்டன் உள்ளே பார்த்தார். கட்டிலில் கோட்டுப் போட்டு, தொப்பி மாட்டி, கழுத்துவரை கம்பளி போர்த்திக்கொண்டு, குட்டையான ஒரு பருத்த ஆள் படுத்திருந்தான்.

"யார் இது?" என்று சிங்களத்தில் கேட்டார். என் கணவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"எழுந்து நில்" என்றார் கட்டிலைப் பார்த்து. கட்டிலில் இருந்த ஆள் அசையவில்லை. கேப்டன் குனிந்து உள்ளே நுழைந்து, நிமிர்ந்ததில் தலையைத் தகரத்தில் இடித்துக்கொண்டு, கையிலிருந்த பிரம்பால் தொப்பியைத் தட்டினார். தொப்பியோடு மூடி சரிந்தது. கோட்டின் கழுத்துப்பட்டை வழியாக வெள்ளையாக, நுரைத்து, பொங்கி, மெதுவாக மாவு எட்டிப் பார்த்தது.

கேப்டன் முன்னால் நிற்பதோ, என் கணவரின் வேலை ஊசலாடுவதோ எதுவும் எனக்கு நினைவில் இல்லை. கதவுக்கு வெளியே பாய்ந்து, "அக்கே, பொங்கிருச்சு" என்று கத்தினேன். அவள் தன் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எல்லோரும் கேப்டனைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து குண்டானைப் பார்த்தோம். அக்கே விரலால் தொட்டு நக்கி, "ஹரி, சரியாப் புளிச்சிருச்சு" என்று தீர்ப்புச் சொன்னாள். அதற்கப்புறம்தான் அவளுக்கே கேப்டன் நிற்பது தெரிந்து, துவாயால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கேப்டன் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். மாவுக்கு எதற்குக் கோட்டு என்று என்னைக் கேட்டார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், குளிரில் மாவு பொங்காது என்பதை, உளுந்து ஊறவைத்ததிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் அக்கே விட்டதை எடுத்துக்கொடுத்தாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "அப்படியானால் நேற்று இரவு நீங்கள் எதைப் போர்த்திக்கொண்டீர்கள்?" என்றார்.

சேலைகளை என்றேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் இன்னும் முகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டனுடைய உதடு கொஞ்சம் ஆடியது போல எனக்குத் தோன்றியது. "ஒரு மாவுக்கே இவ்வளவு போர்வை வேண்டியிருந்தால், இரண்டு பேருக்கு ஒரு கம்பளி எப்படிப் போதும்?" என்று தமக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லிவிட்டு, வாசலில் மறுபடியும் தலையை இடித்துக்கொண்டு வெளியேறினார். கோட்டை அன்றைக்கே துவைக்க வேண்டும் என்பது மட்டும் உத்தரவு.

அன்று மத்தியானம் சவுக்கு மரத்தடியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டித் தோசை சுட்டேன். முதல் தோசையில் கண் கண்ணாக விழுந்ததைப் பார்த்து என் கணவர் கைதட்டினார். அக்கேயின் புருஷன் பட்டாளத்துச் சமையல்காரன் என்ற தோரணையோடு வந்து நின்றான். ஒன்றைப் பிட்டுத் தின்றுவிட்டு, தோரணையை ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். அக்கே தோசையைச் சீனி போட்டுச் சுருட்டித் தின்றாள். தோட்டத்து அக்கா சாப்பாட்டு வேளையில் வேலிக்கு ஓடிவந்தாள். வேலிக்கு மேலாகவே நான்கைந்து தோசையை அவளுக்கும் அவளுடைய கூட்டாளிகளுக்கும் கொடுத்தேன்.

"பஞ்சாட்டம் இருக்குங்க" என்றாள் ஒருத்தி.

"அதுக்குத்தான் கோட்டுப் போட்டுப் படுக்க வச்சிருந்தாங்களாம்" என்றாள் அக்கா. தேயிலை நிரை முழுக்கச் சிரிப்பு போவது எனக்குக் கேட்டது. எங்கேயோ மேலேயிருந்து கங்காணி அதட்டுவதும் கேட்டது.

கேப்டன் மறக்கவில்லை. வீட்டுக்கு ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுக்கும்படி எழுதிப்போட்டிருக்கிறார். ஆனால் பட்டாளத்துச் சாமான் மலையேறி வர நேரமாகும். மாசிப் பனி முடிந்து, பங்குனி வெயில் தகரத்தைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு நாள் என் கணவரே அவற்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். புத்தம் புதுக் கம்பளிகள், வீட்டுக்கு ஒன்று. வியர்த்துக்கொண்டே வாங்கினோம்.

"இதப் போர்த்திக்கிட்டா வெந்துருவோம்" என்றேன்.

அவற்றுக்கு ஒரு வழி கண்டவள் அக்கேதான். தங்காலையில் அவளுடைய அப்பா பிடித்த மீனைச் சாக்கை நனைத்து மூடித்தான் வெயிலில் கொண்டுவருவாராம். அவள் தன் கம்பளியைக் குழாயடியில் முக்கியெடுத்து, கூரைமேல் எறி என்று சைகை செய்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி எறிந்தோம். என்னுடையதையும் நனைத்து எறிந்தோம். சொட்டச் சொட்டக் கயிறு போட்டுக் கட்டினோம். உள்ளே போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் தார் வாடை அடங்கியது. தகரம் சுடவில்லை. வெளியே கொதித்த வெயிலுக்கு உள்ளே குளுகுளுவென்று, ஊற்றுத் தண்ணீரின் வாசனையோடு ஒரு காற்று நின்றது.

வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் அடுத்த நாளே போர்வை ஏறிவிட்டது. கேப்டன் அந்தப் பக்கம் ஜீப்பில் போனவர் நிறுத்தி இறங்கினார். கம்பளி போர்த்திக்கொண்டு வரிசையாக நின்ற பீப்பாய்களை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையில் வாளியோடு நின்றேன். ஏதோ கேட்க வாயெடுத்தவர், மறுபடியும் உளுந்திலிருந்து ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, ஒன்றும் கேட்காமல் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அந்த வீட்டில் எங்கள் மூத்த மகள் பிறந்து நடக்கிற வரைக்கும் இருந்தோம். அதற்கப்புறம் வேறு முகாம்கள், ஓட்டுக்கூரை வீடுகள், நேரான சுவர்கள். ஆனால் அந்த வீடு என்றால் எனக்கு நினைவு வருவது கம்பளி வந்த அந்தப் பங்குனியில் ஒரு நாள்தான். அன்று அக்காவுக்கு அரைநாள் வேலை. மூன்று பேரும் என் வீட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தோம். மேலே நனைந்த கம்பளியிலிருந்து நீர் சொட்டும் சத்தம். அக்கா இரவிக்கையைத் தளர்த்திக்கொண்டு, "இது நல்லாருக்கு" என்றாள். அக்கே ஏதோ சிங்களத்தில் சொன்னாள், எனக்குப் பாதிதான் புரிந்தது. மூன்று பேரும் சிரித்தோம், அப்படியே தூங்கிப்போனோம். என் கணவர் வந்து கதவைத் தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டபோது சாயந்தரம் ஆகிவிட்டிருந்தது.